காலெடுத்து வைத்தவன் ஏன் நிறுத்திவிட்டான்?

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு இளம் தாய் கேட்டிருக்கிறார். முதல் குழந்தை, பையன், நிறைமாதத்தில் பிறந்தவன், இப்போது 11 வாரம். பிறந்த 10ஆம் நாள் அக்குளில் கைகொடுத்து நிமிர்த்திப் பிடித்தபோது, பாயில் காலை மாற்றி மாற்றி வைத்து நடப்பது போலவே செய்தானாம். வீடே கூடி நின்று பார்த்திருக்கிறது. இப்போது அப்படிப் பிடித்தால் கால் சும்மா தொங்குகிறது. கையோ தன் போக்கில் வீசுகிறது. தன் முகத்தில் தானே அடித்துக்கொண்டு அழுகிறான். மாமியார், "கையைச் சேர்த்துத் துணியில கட்டிப் போடு அம்மணி, தன் கையே தன்னைப் பயமுறுத்துது" என்கிறார். தாய்மாமன் அதற்குள் சக்கரம் வைத்த வாக்கர் ஒன்று வாங்கி வந்து வைத்துவிட்டார். தெரிந்ததை மறந்துவிட்டானா, நரம்பில் ஏதாவது கோளாறா என்பது கேள்வி.

நீங்கள் எழுதியிருப்பதில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. அவன் எதையும் மறக்கவில்லை. கால் கனத்துவிட்டது, அவ்வளவுதான்.

ஈரோட்டில் இருபது வருடமாகக் குழந்தைகளுக்குப் பிசியோதெரபி செய்கிறேன். இந்தக் கேள்வி என்னிடம் வராத மாதம் இல்லை. நாங்கள் படித்த காலத்தில் இதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது: பிறந்த குழந்தையின் கால் நடை வெறும் அனிச்சைச் செயல், மூளையின் மேல்பகுதி வளர வளர அதை அடக்கிவிடும், பிறகு ஒரு வயதில் நிஜமான நடை வரும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இதே பையனை மல்லாக்கப் படுக்க வைத்துப் பாருங்கள். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் சேர்ந்து மடங்கும், சேர்ந்து நீளும், ஒரு கால் போனால் அடுத்த கால். சைக்கிள் மிதிக்கிற மாதிரி. அதே நடைதான் இது, படுத்தபடி நடக்கிறது. மூளை அழித்துவிட்டதென்றால் படுக்கையில் மட்டும் எப்படி மிஞ்சியது?

எஸ்தர் தெலன் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டார். 1984இல் அவரும் அவருடன் வேலை செய்தவர்களும் வெளியிட்ட ஆய்வு ரொம்ப எளிமையானது. நடப்பதை நிறுத்திவிட்ட குழந்தைகளைத் தண்ணீருக்குள் கால் இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்தார்கள். காலெடுத்து வைப்பது திரும்ப வந்துவிட்டது. இன்னும் நடந்துகொண்டிருந்த குழந்தைகளின் காலில் சின்ன எடையைக் கட்டினார்கள். நடை குறைந்துவிட்டது. முதல் இரண்டு மாதத்தில் குழந்தை போடுகிற சதையில் பெரும்பங்கு கொழுப்பு. தசையின் பலம் அந்த வேகத்துக்கு ஏறுவதில்லை. உங்கள் பையன் தாய்ப்பால் குடித்துத் தொடையில் மடிப்பு விழுந்து கும்மென்று இருப்பான் என்று நினைக்கிறேன். அந்தத் தொடையை நின்றபடி தூக்க அவனால் இன்னும் முடியவில்லை. படுத்துக்கொண்டால் பூமியின் இழுப்பு கொஞ்சம் உதவி செய்கிறது, தண்ணீரில் தண்ணீர் உதவி செய்கிறது. (இதைப் பார்க்கும் ஆசையில் தனியாகக் குழந்தையைத் தொட்டித் தண்ணீரில் இறக்க வேண்டாம். பிடிக்க ஒருவர், பக்கத்தில் ஒருவர் என்று இருந்தால்கூட ஈரக் குழந்தை வழுக்கும்.)

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. கை கால் அசைவு என்றாலே மூளையிலிருந்து ஆணை வருகிறது, கை கேட்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். குழந்தை விஷயத்தில் மூளை பாதிதான். மீதி, அந்தக் கையின் எடை, அந்தக் காலின் நீளம், படுத்திருக்கிற தரை, தசையின் பலம், எதிரே என்ன இருக்கிறது என்பதெல்லாம். இவற்றோடு பழகிப் பழகித்தான் கட்டுப்பாடு வருகிறது. வெளியிலிருந்து யாரும் கொடுப்பதில்லை.

காங்கேயம் கன்று பிறந்த கொஞ்ச நேரத்தில் தள்ளாடி எழுந்து மடியைத் தேடும். நம் பிள்ளைக்குத் தலை நிற்கவே மூன்று நான்கு மாதம். வயதுவந்தவர் மூளையின் அளவில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான மூளையோடுதான் மனிதக் குழந்தை பிறக்கிறது. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்பிழைகள் போய்ச் சேர்ந்திருக்கும், ஆனால் அவற்றின் மேல் உறை இன்னும் முழுதாகப் போர்த்தப்பட்டிருக்காது. மின்கம்பிக்கு மேலிருக்கும் உறை மாதிரி ஒன்று. அது ஏறினால்தான் சேதி வேகமாகப் போகும். அந்த வேலை முடிய இரண்டு வயது, அதற்கு மேலும் ஆகும்.

ஆனால் அசைவு மட்டும் பிறப்பதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. கருவுக்கு எட்டு வாரம் ஆகும்போதே நெளிய ஆரம்பிக்கிறது. அம்மாவுக்குத் தெரிய வருவது நாலாவது, ஐந்தாவது மாதத்தில்தான். யாரும் தொடாமல், எதுவும் தூண்டாமல், நரம்பு மண்டலம் தானே உண்டாக்கும் அசைவு இது. ஆஸ்திரியாவில் பிறந்த ஹைன்ஸ் பிரெக்டல் என்ற மருத்துவர் வாழ்நாளின் பெரும்பகுதியைக் குழந்தைகள் சும்மா படுத்திருப்பதைப் பார்ப்பதிலேயே செலவழித்தார். அவர் கண்டது: பிறந்து ஏழெட்டு வாரம் வரை உடம்பு முழுக்க முறுக்கி நெளிகிற அசைவு. அப்புறம் அது மெல்ல மறைந்து, சுமார் 9 வாரத்திலிருந்து 20 வாரம் வரை வேறொன்று வரும். கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் என்று எல்லா இடத்திலும் சின்னச் சின்னதாக, வட்டம் போடுகிற மாதிரி, ஓயாத ஒரு துறுதுறுப்பு. பெரிய வீச்சுகளுக்கு நடுவே அது ஓடிக்கொண்டே இருக்கும். தெரியாதவர் கண்ணுக்குப் படாது. இந்தத் துறுதுறுப்பு இருந்தால் பின்னாளில் கை கால் இயக்கம் பெரும்பாலும் சரியாகவே அமையும், அறவே இல்லாவிட்டால் மூளைவாதம் (செரிப்ரல் பால்சி) வர வாய்ப்பு மிக அதிகம் என்று அவர் குழு 1997இல் எழுதியது. இன்று உலகம் முழுக்க, குறைமாதக் குழந்தைகளைப் பார்க்கும் இடங்களில் இதைப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் பையன் இப்போது சரியாக அந்தப் பருவத்தில் இருக்கிறான். இதற்குக் கடைசியில் வருகிறேன்.

கைக்கு வருவோம். கை ஏன் முகத்தில் அடிக்கிறது?

கிணற்றில் கயிற்றில் வாளி கட்டி இறக்கியிருக்கிறீர்களா? மேலே கையை லேசாக ஆட்டினால் கீழே வாளி சுவரில் போய் மோதும். மேலே ஆட்டியது ஒன்று, கீழே நடந்தது வேறொன்று. குழந்தையின் கையும் அப்படித்தான். தோளைக் கொஞ்சம் அசைத்தால் முழங்கை துள்ளும், முழங்கை துள்ளினால் மணிக்கட்டு வீசும். இதை அடக்க, ஒரு தசை இழுக்கும்போது எதிர்த் தசை எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும், எப்போது பிடித்து நிறுத்த வேண்டும் என்று தெரிய வேண்டும். சிறு குழந்தைக்கு இரண்டும் ஒரே நேரத்தில் இறுகிவிடுகின்றன, இல்லையென்றால் இரண்டும் விட்டுவிடுகின்றன. அதனால்தான் வெட்டி வெட்டி இழுக்கிற மாதிரி இருக்கிறது.

தெலன் பின்னால், 1993இல், நான்கு குழந்தைகளை வாரா வாரம் கவனித்து இன்னொரு ஆய்வு செய்தார். அதில் ஒன்று எந்நேரமும் கையை வீசுகிற துடியான பிள்ளை. ஒன்று சாது, கை மார்பை விட்டு நகராது. இரண்டும் சில மாதத்தில் பொம்மையை எட்டிப் பிடித்துவிட்டன, ஆனால் வழி ஒன்றல்ல. துடியானது தன் வீச்சைக் குறைக்கப் பழகியது. சாது, கையைத் தூக்கும் அளவுக்கு முயற்சியைக் கூட்டப் பழகியது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. "பக்கத்து வீட்டுக் குழந்தை இந்நேரம் பிடிச்சுதே" என்று யாராவது ஆரம்பித்தால் இதைத்தான் சொல்வேன். அந்தக் குழந்தைக்கு அந்தக் கை, இவனுக்கு இவன் கை.

அப்படியானால் கையைக் கட்டலாமா? தூங்கவைக்கும்போது சிறிது நேரம் துணியில் சுற்றினால் சில பிள்ளைகள் அமைதியாகும், அதில் தப்பில்லை. ஆனால் காலை நீட்டி நேராக்கி இறுக்கிச் சுற்றவே கூடாது; இடுப்பு மூட்டு விலகும் ஆபத்து அதில் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே தொளதொளவென்று, தவளைபோல் கால் மடங்க இடம் வேண்டும். மல்லாக்கத்தான் போட வேண்டும். குப்புற விழ முயல ஆரம்பித்துவிட்டால் சுற்றுவதையே நிறுத்திவிட வேண்டும்.

விழித்திருக்கும்போது கட்டவே வேண்டாம், கையுறையும் வேண்டாம். நகத்தை வெட்டிவிட்டால் போதும். என் மகளுக்கு நானே மூன்று மாதம் வரை பூப்போட்ட கையுறை மாட்டி வைத்திருந்தேன், இவ்வளவு படித்தும். அழகாக இருந்தது, அதுதான் காரணம். பிறகுதான் ஆட்ரி வான் டெர் மீர் குழுவின் 1995ஆம் வருட ஆய்வைப் படித்தேன். பிறந்து பத்து நாளிலிருந்து மூன்றரை வாரத்துக்குட்பட்ட குழந்தைகளின் மணிக்கட்டை ஒரு சின்ன எடை கால் பக்கமாக இழுக்கும்படி செய்தார்கள். தன் கை கண்ணில் பட்டபோது குழந்தை எடையை எதிர்த்துக் கையைத் தூக்கிப் பிடித்தது. கண்ணில் படாத கையை விட்டுவிட்டது. அத்தனை சின்னப் பிள்ளை, தன் கையைத் தானே பார்க்க வேண்டும் என்று பாடுபடுகிறது! உங்கள் பையன் தலையை ஒரு பக்கம் திருப்பும்போது அந்தப் பக்கத்துக் கை நீளும், மறு கை மடங்கித் தலைக்குப் பின்னால் போகும், வில்லில் நாண் இழுத்த மாதிரி. கவனித்துப் பாருங்கள். நீண்ட அந்தக் கை நேராக அவன் பார்வையில் இருக்கும். அதில் துணியுறை இருந்தால் அவன் பார்ப்பது துணியைத்தான். ஆறு மாதத்துக்குள் இந்த வில் நிலை கரைந்துவிடும்.

காலுக்கு நம் வீடுகளில் ஏற்கெனவே ஒரு நல்ல ஆசிரியர் இருக்கிறார்: கொலுசு. சேலத்து வெள்ளிக் கொலுசு, உள்ளே முத்துப் போட்டது. சென்னிமலை பக்கம் ஒரு தறிக்காரர் வீட்டில் ஒருநாள் பார்த்தேன். பிள்ளைக்கு மூன்று மாதம். தறி ஓடும்போது சும்மா கிடந்தது. சாப்பாட்டு நேரத்துக்குத் தறி நின்றது. இரண்டு உதை உதைத்தது, கொலுசு குலுங்கியது, உடனே நிறுத்தியது. கண்ணை அகல விரித்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. பிறகு ஒரே ஒரு உதை. சத்தம். மறுபடி நிறுத்தம். நான் காபி குடித்து முடிக்கும் வரை இதே வேலை.

அந்தப் பிள்ளை செய்தது, அமெரிக்காவில் கரோலின் ரோவி-கோலியர் என்ற உளவியலாளர் 1969இல் வெளியிட்ட ஆய்வின் வீட்டுப் பதிப்பு. அழுது அடம்பிடிக்கும் தன் மகனைச் சமாளிக்க, தொட்டிலுக்கு மேல் தொங்கிய ஆட்டப் பொம்மைக்கும் அவன் கணுக்காலுக்கும் ஒரு நாடாவைக் கட்டினார் அவர். உதைத்தால் பொம்மை ஆடும். அவன் சீக்கிரமே அதைக் கண்டுகொண்டான். பிறகு முறையாகச் சோதித்தபோது, மூன்று மாதக் குழந்தைகள் சில நிமிடத்திலேயே உதையைக் கூட்டுவதும், ஒரு வாரம் கழித்தும் அதை நினைவில் வைத்திருப்பதும் தெரிந்தது. நாடா கட்டும் வேலையை வீட்டில் செய்ய வேண்டாம், கயிறு சுற்றிக்கொள்ளும். கொலுசு போதும். முத்து கழன்று விழாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். காலை வாய்க்குக் கொண்டுபோகும் வயது வந்ததும் கழற்றிவிடுங்கள்.

தலையிலிருந்து கால் நோக்கித்தான் கட்டுப்பாடு இறங்கும் என்று பாடப் புத்தகம் சொல்லும். கழுத்து, தோள், முதுகு என்ற கணக்கில் அது சரிதான். ஆனால் கேலவே என்ற ஆய்வாளரும் தெலனும் 2004இல் காட்டியதைப் பாருங்கள்: பொம்மையைக் காலுக்கு எட்டும்படி பிடித்தால் குழந்தை சுமார் 12 வாரத்திலேயே காலால் அதைத் தொட்டுவிடுகிறது. கையால் தொடச் சுமார் 16 வாரம் ஆகிறது. இடுப்பு மூட்டு தோள்மூட்டைப் போலக் கண்டபடி சுழலாது, அதனால் அடக்குவது எளிது என்பது அவர்கள் தரும் விளக்கம். அடுத்த வாரம் ஒரு கிலுகிலுப்பையை அவன் பாதத்துக்கு மேலே பிடித்துப் பாருங்கள், எனக்கே தெரிந்துகொள்ள ஆசை.

தூக்கத்தில் விரலும் காலும் வெட்டி வெட்டி இழுப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். "நரி வெளாட்டுக் காட்டுது" என்று ஆத்தாமார் சொல்வார்கள். எலிக்குட்டிகளை வைத்து மார்க் பிளம்பர்க் என்பவர் பல வருடம் செய்த ஆய்வுகளின்படி, ஒவ்வொரு வெட்டும் அந்தத் தசையிலிருந்து மூளைக்கு ஒரு சேதியை அனுப்புகிறது; எந்தக் கம்பி எந்த விளக்குக்கு என்று எலக்ட்ரீசியன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிற மாதிரி. கையால் மெல்லப் பிடித்தால் நின்றுவிடும் நடுக்கம் சாதாரணம். பிடித்த பிறகும் உங்கள் கைக்குள்ளேயே விட்டுவிட்டு உதறிக்கொண்டிருந்தாலோ, கண் ஒரு பக்கம் சொருகினாலோ, அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி வரப்போவது: நான்கு ஐந்து மாதத்தில் எட்டிப் பிடிப்பான். முதலில் கை நேராகப் போகாது, நாலைந்து முறை திசை மாறி முட்டி மோதிப் போய்ச் சேரும். உங்கள் தாலிக்கொடி கையில் சிக்கும். அப்போது ஒன்று புரியும், பிடிப்பதைவிட விடுவதுதான் பெரிய வித்தை. உள்ளங்கையில் எது பட்டாலும் மூடிக்கொள்ளும் அனிச்சை ஆறு மாதத்துக்குள் போய்விடும், ஆனால் நினைத்தபோது விரலைத் திறந்து பொருளை விடுவது ஒன்பது பத்து மாதத்தில்தான் கைவரும். அதன் பிறகு கிண்ணம், கரண்டி, செல்போன் எல்லாவற்றையும் கீழே போட்டுப் போட்டுப் பார்ப்பான். திட்டாதீர்கள், பாடம் படிக்கிறான். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து பொறுக்கும் பிடியும் அந்தச் சமயத்தில் வருவதால் பொட்டுக்கடலை, நிலக்கடலை எதுவும் தரையில் கிடக்கக் கூடாது.

நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் இதையெல்லாம் எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்கள்! ஐந்தாம் மாதம் செங்கீரை: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றித் தலையைத் தூக்கி ஆடுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி: இரண்டு கையும் நடுவில் வந்து சேர்ந்து கொட்டுவது. நான் கேஸ் ஷீட்டில் எழுதுவதும் கிட்டத்தட்ட இதே மாதக் கணக்குதான்.

செங்கீரைக்கு வேண்டியது தரை. இங்கேதான் நம் ஊர் வழக்கத்தோடு எனக்குச் சின்னச் சண்டை. வேட்டித் தொட்டில் பிள்ளையைத் தணிக்க நல்ல ஏற்பாடு; பனியன் கம்பெனி வேலைக்குப் போகிற அம்மாவுக்கும் பார்த்துக்கொள்கிற பாட்டிக்கும் வேறு வழியும் இல்லை. ஆனால் தொட்டிலில் முதுகு வளைந்து, கை இரண்டும் துணிக்குள் ஒடுங்கி, எதிரே துணியைத் தவிர ஒன்றும் தெரியாது. விழித்திருக்கும் நேரத்தில் பாயை விரித்துக் கீழே விடுங்கள். பால் குடித்து அரைமணி கழித்து, நீங்கள் எதிரே படுத்துக்கொண்டு, குப்புறப் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் அழுதால் எடுத்துவிடுங்கள், அப்புறம் மறுபடி. தூங்கும்போது மட்டும் மல்லாக்க.

காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் கால்மேல் போட்டு அம்மிச்சி எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்தத் தொடுகையும் பேச்சும் நல்லது. மூக்கில் ஊதுவது, காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, கையைக் குறுக்கே வெடுக்கென்று இழுத்துச் சொடுக்கு எடுப்பது, இவை மூன்றும் வேண்டாம்.

வாக்கர். தாய்மாமன் சீராக வாங்கி வந்ததை வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு சங்கடம் என்று தெரியும், நானும் இந்த ஊர்க்காரிதான். ஆனாலும் வேண்டாம். கனடா 2004இல் இதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. படியில் உருண்டு, அடுப்படிக்கு ஓடி அடிபட்ட பிள்ளைகள் ஏராளம். நடையும் இதனால் சீக்கிரம் வருவதில்லை. நுனிக்காலில் உந்தப் பழகுகிறார்கள், தன் பாரத்தைத் தானே தாங்கப் பழகுவதில்லை. அண்ணனிடம் அதை மாற்றி மரத்தில் செய்த மூன்று சக்கர நடைவண்டி வாங்கித் தரச் சொல்லுங்கள், அவனாகப் பிடித்து எழுந்து நிற்கும்போது தள்ளட்டும். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து 2006இல் வெளியிட்ட கணக்கில், பிடிக்காமல் நடப்பது 8 மாதம் தொடங்கி 17 மாதத்துக்கு மேல் வரை பரந்து கிடக்கிறது. நூற்றில் நான்கு பேர் முட்டிபோட்டுத் தவழவே இல்லை. நடை வந்த பிறகும் எளிதல்ல: கேரன் அடால்ஃப் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு எண்ணிப் பார்த்தபோது, 12 முதல் 19 மாதக் குழந்தைகள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி எடுத்து வைத்தார்கள், 17 முறை விழுந்தார்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும்? நாள் தள்ளிப்போவதைவிட, ஒரு பக்கம் மட்டும் வேலை செய்வதுதான் என்னை உஷாராக்கும். ஒரு வயதுக்குள் பிள்ளை வலது கையை மட்டுமே நீட்டினால் "சோத்துக்கை பழக்கம் வந்துட்டுது" என்று மகிழ வேண்டாம். இடது கைக்கு என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். நான்கு மாதத்துக்குப் பிறகும் பெருவிரல் உள்ளே மடங்கி முஷ்டி மூடியே இருப்பது, கால் இரண்டும் கத்தரிபோல் பின்னிக்கொள்வது, கை கால் எல்லாம் ஒரே நேரத்தில் விறைப்பது, தூக்கினால் துணிபோல் துவள்வது, நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்காதது, இதில் எது இருந்தாலும் காத்திருக்காதீர்கள். குறைமாதக் குழந்தையென்றால் பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து எண்ண வேண்டும். மாவட்ட அளவில் அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. என்ற ஆரம்ப இடையீட்டு மையம் இருக்கும், செலவில்லாமல் பார்ப்பார்கள். கிராமச் செவிலியரிடம் கேட்டால் வழி சொல்வார்.

உங்கள் பையனுக்கு அடுத்த வாரம் 12 முடிகிறது, பிரெக்டல் சொன்ன துறுதுறுப்பைப் பார்க்க நல்ல நேரம். பால் குடித்து, அழாமல், முழித்துக்கொண்டு இருக்கும்போது மெல்லிய சட்டையோடு பாயில் மல்லாக்கப் போடுங்கள். கால்மாட்டில் நின்று முழு உடம்பும் தெரியும்படி செல்போனில் ஐந்து நிமிடம் வீடியோ எடுங்கள். பேச வேண்டாம், பொம்மை காட்ட வேண்டாம், சூப்பான் வேண்டாம். தடுப்பூசிக்குப் போகும்போது குழந்தை டாக்டரிடம் காட்டலாம். கொலுசை மட்டும் அந்த ஐந்து நிமிடம் கழற்றி வையுங்கள். சத்தம் கேட்டால் அதிலேயே லயித்துப்போய் அசையாமல் கிடப்பான்.